கல்லறைக் கல்லில் கடைசி வரி: ஒரு வீடு, மூன்று சபை, ஒரு வருகை

எங்கள் பெரியம்மை இறந்து நாற்பது நாள் கழிந்ததும் கல் வைக்கிற பேச்சு வந்தது. மயிலாடியில் கல்லுக்குச் சொல்லியாயிற்று. பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி இதிலெல்லாம் தகராறு இல்லை. அதற்குக் கீழே ஒரு வரி வேண்டுமே, அங்கேதான் வீடு மூன்றாக நின்றது.

பெரியம்மையின் மூத்த மகன், எனக்கு மூத்த அண்ணன், இருபது வருஷமாகப் பெந்தெகொஸ்தே சபை. "மகிமைக்குள் பிரவேசித்தார்" என்று போட வேண்டும் என்றார். இரண்டாவது அண்ணன் எங்கள் பழைய சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையிலேயே இருக்கிறார், நானும் அங்கேதான். அவருக்கு "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்பதைத் தவிர வேறு வரி உலகத்தில் இருப்பதாகவே தெரியாது. அக்காவைக் கட்டிக்கொடுத்தது கருங்கல் பக்கம் ஓர் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பத்தில். "அம்மைக்காக செபியுங்கள்னு ஒரு வரி போட்டா என்ன குறஞ்சா போகும்?" என்று அவள் கேட்க, மூத்த அண்ணன் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார்.

குமரி மாவட்டத்தில் இது புதிதல்ல. 2011 கணக்கெடுப்பின்படி 18.7 லட்சம் பேரில் ஏறக்குறைய 47 சதவீதம் கிறிஸ்தவர்கள். ஒரே தெருவில் நாலு சபை, ஒரே வீட்டில் இரண்டு சபை என்பதெல்லாம் சாதாரணம். மார்த்தாண்டத்திலோ வடசேரியிலோ பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் சுவரில் ஒட்டியிருக்கும் மரணப் போஸ்டர்களைப் பாருங்கள். எந்தச் சபை என்று போஸ்டர் சொல்லாவிட்டாலும் அந்த ஒரு வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும். இரட்சணிய சேனைக்காரர்கள் "மகிமைக்கு உயர்த்தப்பட்டார்" என்கிற பொருளில் சொல்வது மரபு. சேனை அல்லவா, சாவும் அவர்களுக்குப் பதவி உயர்வு!

அடிப்படையில் எல்லோரும் ஒன்றைத்தான் நம்புகிறார்கள். கிறிஸ்து திரும்ப வருவார், இறந்தவர்கள் உடலோடு எழுந்திருப்பார்கள், நியாயத்தீர்ப்பு உண்டு, அதற்கப்புறம் முடிவில்லாத வாழ்வு. விசுவாசப் பிரமாணத்தில் நாங்கள் "சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும்" என்போம், அக்கா வீட்டில் "உடலின் உயிர்ப்பு, நிலைவாழ்வு" என்பார்கள். மூத்த அண்ணன் சபையில் பிரமாணம் சொல்லும் வழக்கமே இல்லை, நம்புவது மட்டும் அதையேதான். அப்படியானால் சண்டை எதில்? செத்ததற்கும் எழுந்திருப்பதற்கும் நடுவில் என்ன, வருகை ஒரு தடவையா இரண்டு தடவையா, அதுவரை நாம் என்ன செய்துகொண்டிருப்பது — இந்த மூன்றில்.

நடுவில் என்ன?

முதல் கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை, பெரியம்மை இப்போது இருப்பது அந்த நடுவில்தானே.

ஆர்.சி. போதனை தெளிவானது. இறந்த உடனே ஆன்மாவுக்குத் தனித்தீர்ப்பு உண்டு. விண்ணகத்துக்கு உரியவர்தான், ஆனால் இன்னும் முழுத்தூய்மை அடையவில்லை என்றால் உத்தரிக்கும் நிலை. அங்கே இருப்பவர்களுக்கு நம் செபமும் திருப்பலியும் உதவும். இதற்கு அவர்கள் காட்டுகிற இடங்களில் முக்கியமானது 2 மக்கபேயர் 12. அந்தப் புத்தகமே எங்கள் பைபிளில் கிடையாது என்பதால் வாக்குவாதம் அதோடு நின்றுவிடும். கல்லறைத் திருநாளான நவம்பர் 2 சாயங்காலம் ஓர் ஆர்.சி. கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் வேறொன்று புரியும். ஒவ்வொரு கல்லறைமேலும் மெழுகுவர்த்தி, பூ. பிள்ளைகள் தாத்தாவின் கல்மேல் சாய்ந்துகொண்டு நிற்பார்கள். செத்தவர்கள் குடும்பத்தை விட்டுப் போகவில்லை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுபோல இருக்கும். நட்டாலத்தில் பிறந்து 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது. 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவரிடம் போய் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்கிறவர்களுக்கு அவர் உயிரோடு கேட்டுக்கொண்டிருக்கும் ஆள்.

எங்கள் பக்கம் நித்திரை என்ற சொல்லை வைத்திருக்கிறோமே தவிர, ஆத்துமா தூங்குகிறது என்று சபை போதிப்பதில்லை. உடல்தான் தூங்குகிறது. ஆத்துமா கிறிஸ்துவோடு இருக்கிறது. "தேகத்தைவிட்டுப் பிரிந்து, கிறிஸ்துவுடனேகூட இருக்க எனக்கு ஆசையுண்டு" என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியது ஆதாரம். மூத்த அண்ணனும் இதில் எங்களோடுதான். அவருடைய "பிரவேசித்தார்" எங்கள் "நித்திரையடைந்தா"ரைவிட உற்சாகமாகக் கேட்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நித்திரையை உண்மையிலேயே நித்திரையாக எடுத்துக்கொள்கிறவர்கள் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள். "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்" என்ற பிரசங்கி 9:5 அவர்களுக்கு முக்கியமான வசனம். வருகையின் எக்காளம் ஒலிக்கும்வரை நினைவே இல்லை, கண்மூடித் திறப்பதுபோல இருக்கும் என்பார்கள். அப்படியானால் சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் இயேசு சொன்னது? மூலக் கிரேக்கத்தில் நிறுத்தற்குறி கிடையாது. "இன்றைக்கு" என்பதை "சொல்லுகிறேன்" என்பதோடு சேர்த்து, "இன்றைக்கு உனக்குச் சொல்லுகிறேன்" என்று வாசிக்கலாம் என்பது அவர்கள் வாதம். தமிழில் அந்த வசதி இல்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய் என்று, மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு வாக்கியத்தை அமைத்துவிட்டது. அதில் எந்தக் காற்புள்ளியை எங்கே நகர்த்தினாலும் கள்ளன் அன்றைக்கே போய்விடுவான்.

இந்தக் கேள்வியில் என் மனசு போகிற இடமும் அறிவு போகிற இடமும் வேறு. உத்தரிக்கும் நிலையை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் அடக்கம் முடிந்ததும் செத்தவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பதையே நிறுத்திவிடுகிற எங்கள் வழக்கத்தைவிட அந்த மெழுகுவர்த்தி மனுஷத்தன்மை உள்ளது. அக்கா அன்று கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா என்ன?

ஒரு வருகையா, இரண்டா?

பெந்தெகொஸ்தே கன்வென்ஷன்களில் நீளமான துணியில் வரைந்த காலக்கோட்டுப் படம் ஒன்று மாட்டியிருக்கும். சின்ன வயதில் அதைப் பார்த்துக்கொண்டே பிரசங்கத்தைக் கேட்காமல் விட்டிருக்கிறேன். சபையின் காலம், அதன் முடிவில் மேலே போகிற அம்புக்குறி. அது இரகசிய வருகை. கிறிஸ்து ஆகாயம்வரை வந்து ஆயத்தமாக இருக்கிறவர்களை எடுத்துக்கொள்வார். அப்புறம் பூமியில் ஏழு வருஷம், அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி, மகா உபத்திரவம். அதன் முடிவில் கீழே இறங்குகிற அம்புக்குறி, பகிரங்க வருகை. அப்புறம் ஆயிரவருஷ அரசாட்சி, கடைசி நியாயத்தீர்ப்பு, புதிய வானம், புதிய பூமி. ஏழு வருஷக் கணக்கு, ஒரு நாளை ஒரு வருஷமாக எண்ணி, தானியேல் 9-ம் அதிகாரத்தின் கடைசி வாரத்திலிருந்தும், ஆயிரம் வருஷம் வெளிப்படுத்தல் 20-லிருந்தும் வருகின்றன.

ஆயிரம் வருஷத்தைச் சொல்லுக்குச் சொல் நம்பிய பிதாக்கள் ஆதி சபையிலேயே உண்டு. ஆனால் முதலில் இரகசியமாக, பிறகு பகிரங்கமாக என்று வருகையை இரண்டாகப் பிரித்த இந்த முறை 1830-களில் பிரதரன் இயக்கத்தின் ஜான் நெல்சன் டார்பி வழியாகப் பரவியது. 1909-ல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்கக் குறிப்புப் பைபிள் அதை வீடு வீடாகக் கொண்டுபோனது. நம் ஊரில் பலர் இதுதான் பைபிள் என்று நினைக்கிறார்கள். பைபிளை வாசிக்கிற ஒரு முறை இது, வயது இருநூறைத் தொடவில்லை.

எதிர்ப்பக்கம் பழையது. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன் ஆயிரம் வருஷத்தை இப்போது நடக்கிற சபையின் காலமாக வாசித்தார். ஆர்.சி. சபை ஏறக்குறைய அந்த வழியில்தான் நிற்கிறது. லுத்தரன்களின் 1530-ம் ஆண்டு அவுக்ஸ்பூர்க் அறிக்கை, உயிர்த்தெழுதலுக்கு முன்பே பரிசுத்தவான்கள் உலகத்தை ஆளப்போகிறார்கள் என்ற போதனையைப் பதினேழாம் பிரிவில் நேரடியாகவே மறுக்கிறது. எங்கள் சி.எஸ்.ஐ. இதில் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. அதனால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வருகை, சாயங்காலம் கன்வென்ஷன் பந்தலில் இரண்டு வருகை என்று வசதியாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாம் கடைசியில் ஒரு வசனத்தில் வந்து நிற்கும். 1 தெசலோனிக்கேயர் 4:17. "பின்பு, உயிரோடிருக்கும் நாமும் கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக, மேகங்கள்மேல் அவர்களோடேகூட ஆகாயத்தில் எடுக்கப்பட்டு, இவ்விதமாய் எப்பொழுதும் கர்த்தருடனேகூட இருப்போம்." அண்ணன் இதில் "எடுக்கப்பட்டு" என்பதை அழுத்தி வாசிப்பார். எனக்குக் காதில் விழுவது "எதிர்கொண்டுபோக".

நம்மில் எதிர்கொள்வது என்றால் என்ன? வருகிறவரை ஊர் எல்லைவரை போய்ப் பார்த்து, மரியாதையோடு கூட்டிக்கொண்டு வருவது. போய்ப் பார்த்துவிட்டு அவரோடு அப்படியே வேறு ஊருக்குப் போய்விடுகிறவனை யாரும் எதிர்கொண்டவன் என்று சொல்லமாட்டார்கள். அதே கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வருகிற மற்ற இடங்களையும் பாருங்கள். மத்தேயு 25-ல் கன்னிகைகள் மணவாளனுக்கு எதிர்கொண்டுபோய், அவனோடு கல்யாண வீட்டுக்குள்ளே வருகிறார்கள். அப்போஸ்தலர் 28-ல் ரோமாபுரிச் சகோதரர்கள் பவுலுக்கு எதிர்கொண்டுவந்து அவரோடு ரோமாபுரிக்கே திரும்புகிறார்கள். அப்படியானால் ஆகாயத்தில் நடப்பது வரவேற்பு. வருகிறவர் வந்து சேருகிற இடம் பூமி. வெளிப்படுத்தல் 21-லும் நகரம் இறங்கித்தானே வருகிறது, யாரும் ஏறிப் போகவில்லையே.

இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "லேய் தம்பி, மாப்பிள்ளை வந்தா பொண்ணைக் கூட்டிட்டுப் போவானா, பொண்ணு வீட்டிலேயே இருந்துருவானா? 'மறுபடியும் வந்து உங்களை என்னிடத்தில் சேர்த்துக்கொள்ளுவேன்'னு யோவான் 14-ல சொன்னது யாரு?" என்றார். நல்ல கேள்வி. ஒரு சொல்லை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்த்துவிட முடியாது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். "மறுவீடு உண்டுல்லா அண்ணே" என்று சொன்னேன். சிரித்துவிட்டார். அன்றைக்கு அதுவே பெரிய விஷயம்.

அதுவரை என்ன செய்வது?

எது சரி என்பதைவிட, எது எந்த மாதிரி ஆட்களை உருவாக்குகிறது என்று பார்ப்பது எனக்குச் சுலபம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனெரிகளில் பலருக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. சுவிசேஷம் பரவப் பரவ உலகம் சீர்படும், ராஜ்யம் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கிறது என்று. எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனெரி சங்கம்) காலத்து வேலைகளில் அந்தச் சாயல் தெரியும். பள்ளிக்கூடங்கள், அச்சகம், 1838-ல் நெய்யூரில் தொடங்கிய மருத்துவப் பணி. 1859-ல், பெண்கள் மேலாடை அணியும் உரிமை கேட்ட தோள்சீலை விஷயத்தில் திருவிதாங்கூர் அரசு இறங்கிவரும்வரை அடி வாங்கிய பெண்கள், பரலோகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சும்மா இருக்கவில்லை. எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சோமர்வெல் நெய்யூருக்கு வந்து அறுவைக்கத்தியைப் பிடித்ததும் அந்த வழியின் தொடர்ச்சிதான். அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில், அதே பக்கத்தில், சாமித்தோப்பிலிருந்து அய்யா வைகுண்டர் தர்மயுகம் வரப்போவதைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடிமைப்பட்டிருந்த ஜனங்களுக்கு 'வரப்போகிறது' என்ற சொல்லுக்கு இருந்த பசி ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல.

அந்த நம்பிக்கையின் குறை, அது நிறுவனமாகி உட்கார்ந்துவிடும். எங்கள் சபையில் வருகையைப் பற்றி ஒழுங்கான பிரசங்கம் கேட்டு எத்தனை வருஷமாயிற்று? கட்டடக் கமிட்டித் தேர்தலில் இருக்கிற அவசரம் கர்த்தருடைய வருகையில் யாருக்கும் இல்லை.

மூத்த அண்ணன் சபையில் அவசரத்துக்குப் பஞ்சமில்லை. "இன்றிரவு வந்தால் நீ ஆயத்தமா?" என்ற ஒரே கேள்வி அவரைக் குடியிலிருந்து எழுப்பியது. நான் சாட்சி. மதினி நகைகளைக் கழற்றிக் கொடுத்தது பின்னால் மகள் படிப்புக்கு உதவியது. இதெல்லாம் ஒரு பக்கம். அந்த வீட்டில் வளர்ந்த பையன் ஏழு வயதில் பள்ளிவிட்டு வந்து, வீட்டில் ஆளில்லை, அடுப்பில் சோறு கொதிக்கிறது என்று பார்த்ததும், எல்லோரும் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள், தான் மட்டும் கைவிடப்பட்டான் என்று தெருவில் நின்று அழுதான். மதினி கிணற்றடியில் இருந்தாள். இந்தக் கதையைச் சொன்னால் பெந்தெகொஸ்தே வீட்டில் வளர்ந்த பலர் "எனக்கும்" என்பார்கள். பவுல் அந்த வருகை வசனத்தை முடிப்பது எப்படி? "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்." தேற்றுவதற்கு எழுதியதைப் பிள்ளைகளை மிரட்டப் பயன்படுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை.

தேதி குறிப்பவர்களைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் ஆட்கள் 1844 அக்டோபர் 22-க்குக் காத்திருந்து ஏமாந்தார்கள். நாம் அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூரிலேயே, தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான யுஸ்துஸ் யோசேப்பு 1881-ல் வருகை என்றார். வரவில்லை. "அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்" என்று வாசித்துவிட்டு அப்புறமும் கணக்குப் போடுகிறவர்களை என்ன செய்ய?

கடல் ஒப்புவிக்குமா?

இவ்வளவையும் நான் மேட்டு நிலத்தில் உட்கார்ந்து பேசுகிறேன். எங்களுக்குக் கல் வைக்க ஒரு கல்லறை இருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மணக்குடி, கொட்டில்பாடு, குளச்சல். பாலத்தையே பிடுங்கிக்கொண்டு போன தண்ணீரில் செத்தவர்களைத் தனித்தனியாகப் புதைக்க நேரமில்லை, மொத்தமாகக் குழி வெட்டினார்கள். வருஷம்தோறும் அதே நாளில் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். பலருடைய உடல் கரைக்கு வரவே இல்லை. குழியும் இல்லை, போட்டோ மட்டும்.

அந்தக் கரையில் நின்றால் "நடுவில் என்ன" என்ற கேள்வி வேறு மாதிரி கேட்கும். ஆத்துமா கிறிஸ்துவோடு இருக்கிறது என்றால் மட்டும் போதுமா? அந்த உடல்? இங்கேதான் எல்லாச் சபையும் சொல்கிற, ஆனால் யாரும் அதிகம் அழுத்தாத சரீர உயிர்த்தெழுதலுக்கு எடை வருகிறது. "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது" என்கிறது வெளிப்படுத்தல் 20:13. நியாயத்தீர்ப்புக் காட்சியில் வருகிற வசனம், பயமுறுத்தத்தான் வாசிப்பார்கள். உடல் கிடைக்காத ஒரு வீட்டில் அதை வாசித்துப் பாருங்கள். கடல் கணக்கு ஒப்புவிக்க வேண்டிய கடன்காரன் ஆகிவிடும்.

அடுத்த அதிகாரத்தில் "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று" என்று ஒரு சின்ன வாக்கியம். அறிஞர்கள் அங்கே கடலைக் குழப்பத்துக்கும் தீமைக்கும் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். அக்கா வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர், கடல்தொழில் செய்கிறவர், இதைக் கேட்டுவிட்டு, "கடல் இல்லாத மோட்சத்துல நாங்க என்ன சார் செய்ய?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பெருங்கோபத்தோடு கடலைத் திட்டுகிறவர்களும் அடுத்த வாரம் அதே கடலுக்குத்தான் போகிறார்கள். புதிய பூமி என்பது இந்தப் பூமியே புதுப்பிக்கப்பட்டது என்றால், கடலும் அப்படிப் புதுப்பிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இது என் ஆசை, எந்தச் சபையின் போதனையும் அல்ல.

ஆக, ஒற்றை வருகை, உடலோடு எழுதல், இந்தப் பூமியே புதிதாவது. என் ஓட்டு இதற்குத்தான். ஆயத்தத்தை அண்ணன் சபையிலிருந்தும், செத்தவர்களின் பெயரைச் சொல்லுகிற பழக்கத்தை அக்கா வீட்டிலிருந்தும் எடுத்துக்கொள்வேன்.

கல்லுக்கு வருவோம். ஒரு சனிக்கிழமை எல்லோரும் மயிலாடிக்குப் போனோம், பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு. தென்திருவிதாங்கூரில் முதல் புராட்டஸ்டன்ட் ஆலயம் 1809-ல் எழுந்த ஊர் இது. இந்த ஊர்க்காரர் வேதமாணிக்கம் அழைக்க 1806-ல் வந்த ஜெர்மன் மிஷனெரி ரிங்கல்தௌபே இங்கே தங்கித்தான் வேலை செய்தார். 1816-ல் கிளம்பிப் போனவர் எங்கே செத்தார், எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சிற்பிகள் ஊருக்கே சபையைக் கொண்டுவந்தவருக்கு ஒரு கல் இல்லை.

பட்டறையில் மறுபடியும் பேச்சு தொடங்கியது. கடைசியில் யோவான் 14:3-ல் மூன்று பேரும் ஒத்துவந்தார்கள். "நான் மறுபடியும் வந்து உங்களை என்னிடத்தில் சேர்த்துக்கொள்ளுவேன்." அண்ணன் அதில் இரகசிய வருகையைப் பார்த்தார். சின்ன அண்ணனுக்கு அடக்க ஆராதனையில் கேட்டுப் பழகிய வசனம். அக்கா "அம்மைக்குப் பிடிச்ச வசனம்" என்றாள். அதற்கு மேல் விளக்கம் யாரும் கேட்கவில்லை.

சிற்பி எழுத்தை எண்ணினார். எழுத்துக் கணக்கில்தான் கூலி. "'மறுபடியும்' வேணுமா அண்ணாச்சி, 'வந்து'ன்னு தொடங்கினா குறையும்" என்றார். அது மட்டும் வேண்டாம் என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, கல்லில் கீழே எவ்வளவு இடம் மிச்சம் இருக்கும் என்று கேட்டார். சிற்பி கையால் அளந்து காட்டினார். "என் பேரையும் இப்பவே வெட்டிட்டா கூலி குறையுமா? தேதிய மட்டும் பிறகு வெட்டிக்கலாம்."